நடக்கத் தெரியாத கார்

ஹஜூர் கச்சேரி என்கிற திருவிதாங்கூர் சர்க்கார் தலைமை ஆபீஸில் ரிக்கார்டு பிரிவில் வேலை பார்த்த பிச்சுமணி அய்யர், பீரோ வாங்கப் போய் கார் வாங்கிக்கொண்டு வந்தவர்.

பொன்முடியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்புமுன் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். பிச்சுமணி ஆசைப்பட்டுப் போன தேக்கு பீரோவை ஒரு வக்கீல் கொண்டுபோய்விட்டார். அடுத்ததாக ஒரு கார் வந்தது. பதினாலு வருஷத்துப் பழசு. மேலே கூரை கிடையாது. இரண்டு பேர்தான் உட்காரலாம், அந்த இரண்டு பேரும் ஒல்லியாக இருந்தால் நல்லது. பின்பக்கம் படகு மாதிரி கூராக இருந்தது. பந்தயத்தில் ஓடுவதற்கென்று செய்த வண்டி என்றார் ஏலக்காரர். வீட்டில் ஏழெட்டுப் பேர் வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் விலை கேட்கவில்லை. "ஒருத்தருக்கும் வேண்டாமா?" என்று ஏலக்காரர் மூன்றாம் முறை கேட்ட தொனி, பிச்சுமணிக்கு அந்தக் காரை யாரோ அவமானப்படுத்துவது போல் இருந்தது. கையைத் தூக்கிவிட்டார்.

நெடுமங்காடு வழியாக ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி ஒன்றரை நாள் இழுத்து அதை ஸ்ரீவராகத்தில் இருந்த அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழி முழுக்கப் பிச்சுமணி ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவுக்குள் நுழையும்போது, தானே ஓட்டிவருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். மாடுகள் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் அது அவ்வளவாக எடுபடவில்லை.

பீரோவுக்கென்று அறையில் இடம் ஒதுக்கி வைத்திருந்த அவர் மனைவி பாகீரதி வாசலுக்கு வந்து பார்த்தாள். புடவைகளை இதில் எங்கே மடித்து வைப்பது என்று மட்டும் கேட்டாள்.

கொல்லைப்புறத்தில் விறகு அடுக்கும் கொட்டகை காருக்கு வந்தது. விறகு மழையில் நனையப் போயிற்று. காரோடு ஒரு இங்கிலீஷ் கைப்புத்தகமும் வந்திருந்தது. அதன் முதல் பதினெட்டுப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. காரை எப்படிக் கிளப்புவது, எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் அந்தப் பதினெட்டுப் பக்கங்களுக்குள் இருந்தன. மிச்சம் இருந்ததெல்லாம் எப்படிக் கழற்றுவது என்பதுதான். ஆகவே பிச்சுமணி கழற்றினார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவார். வெளியே இரண்டு கால்கள் தெரியும். பாகீரதி கிணற்றங்கரைப் பக்கம் மணை போட்டு உட்கார்ந்து புத்தகத்தை உரக்கப் படிப்பாள். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மெட்ரிகுலேஷன் வரை படித்தவள். அவர் இங்கிலீஷும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கையெல்லாம் கிரீஸ் ஆனபின் புத்தகத்தைத் தொட அவள் விடவில்லை. அவள் படித்துத் தமிழில் சொல்வாள், அவர் செய்வார். முதலில் அவர் செய்துவிட்டு, பிறகு அவள் படிக்கிற நாட்களும் உண்டு. அந்த நாட்களில் பாகம் ஒன்றிரண்டு மிஞ்சிவிடும்.

கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறப்போடப் பாத்திரம் தேவைப்பட்டது. சமையலறையிலிருந்து வெண்கல உருளி ஒன்று காணாமல் போனது. பிறகு ஈயச்சொம்பு. பிச்சுமணி கச்சேரி வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, நம்பர் போட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டார். எண்ணெய்த் தொட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கிற அட்டை நைந்து போயிருந்ததால், கச்சேரியில் கழித்துப்போட்ட பழைய பைல் அட்டையை அளவாக வெட்டி வைத்தார். சர்க்கார் கோப்புகள் எதையும் லேசில் வெளியே விடாது என்பதால் எண்ணெயும் கசியாது என்றாள் பாகீரதி. அது உண்மையிலேயே கசியவில்லை.

வால்வுகளைத் தேய்த்துப் படியவைக்க வேண்டியிருந்தது. எமரிப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி, ஒரு கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னுமாகச் சுழற்றவேண்டும். மூன்று ஞாயிறு அதையே செய்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இந்த வீட்டில் ஒரு நாள் தயிர் கடைந்து கொடுத்ததில்லை, இப்போது கடைகிற கடையில் வெண்ணெய் வருவது ஒன்றுதான் பாக்கி என்று பாகீரதி சொன்னபோது, பிச்சுமணி எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நல்லவேளையாக நேசையன் வந்து சேர்ந்தார். மார்த்தாண்டத்துக்காரர். சாலைக் கடைத்தெருவுக்கு அருகே ஒரு பஸ் கொட்டகையில் மெக்கானிக். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் பின்பக்கச் சந்து வழியாக வருவார், பாகீரதி கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை உண்டு என்பதால் ஆயுதத்தைத் தொடமாட்டார். அதனால் நேசையன் சனிக்கிழமை மாட்டியதைப் பிச்சுமணி ஞாயிற்றுக்கிழமை கழற்றுவார், எப்படி மாட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள. இப்படி எட்டு மாசம் போயிற்று.

காரின் முன்பக்கத்தை ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு நேசையன் சொன்ன ஒரு விஷயத்தைப் பிச்சுமணி காதில் வாங்கவில்லை. பாகீரதி வாங்கிக்கொண்டாள்.

"சாமி, இதுக்கு விசிறி கெடையாது பாத்துக்கிடுங்க. ஓடுனா காத்து அடிக்கும், தண்ணி ஆறும். நின்னா கொதிக்கும். இது ஓடுததுக்குன்னே செஞ்ச வண்டியாக்கும்."

துலாம் மாசக் கடைசியில், ஐப்பசி முடிகிற சமயம், ஒரு காலை கார் கிளம்பியது. கிளம்பிய சத்தத்தில் எதிர்வீட்டு முத்தாரம்மாள் உலர்த்தப் போட்டிருந்த அப்பளத்தின் மேலிருந்த காக்கைகள் ஒன்று மிச்சமில்லாமல் பறந்தன. அந்த ஒரு நன்மையை முத்தாரம்மாள் ஒப்புக்கொண்டாள். நேசையன் பக்கத்தில் இருந்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மாசத்தில் பிச்சுமணி காலையில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் சங்குமுகம் கடற்கரை வரை தனியாகப் போய்வரும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் சக்கரத்தை இன்னொருத்தர் தொட விடமாட்டார். நேசையனேகூடக் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டியிருந்தது.

அந்த மகரத்தில், தை மாசம், பிச்சுமணியின் தங்கை ஜெயலக்ஷ்மிக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண், அண்ணன்தான் நடத்தினார். மாப்பிள்ளை வெங்கடசுப்ரமணியன், திருநெல்வேலியில் ஒரு காலேஜில் கணக்கு டியூட்டர். மூக்குக்கண்ணாடி, ஒல்லி உடம்பு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வான், அதையும் அவன் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வான். அப்பா மகாதேவய்யர் கல்லிடைக்குறிச்சிக்காரர், மாஜிஸ்திரேட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசாமல் இருந்தாலே எதிரே நிற்பவர்கள் தாமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தோன்றும். சம்பந்தி வீட்டார் வேறெதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை ஊர்வலமாகிய ஜானவாசத்துக்குத் திறந்த கார் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

ஆரியசாலையில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு வியாபாரி தம்முடைய பெரிய திறந்த காரைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஜானவாசத்தன்று மத்தியானம் அவரிடமிருந்து ஆள் வந்தது. கார் கரமனைப் பக்கம் ஒரு ஓடைக்குள் இறங்கிவிட்டதாம். யாருக்கும் காயமில்லை, கார் மட்டும் இன்னும் இறங்கியபடியே இருக்கிறதாம். ஊரில் அன்று முகூர்த்த நாள். வேறு திறந்த கார் எங்கேயும் கிடைக்கவில்லை.

பந்தலில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது பிச்சுமணியின் முகம் மட்டும் மெள்ள மெள்ள மலர்ந்ததைப் பாகீரதி பார்த்துவிட்டாள். அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள்.

"நம்ம வண்டியா?"

"ஏன்? திறந்த கார்தானே கேட்டா? இதைவிடத் திறந்த கார் திருவிதாங்கூர்லேயே கிடையாது. நன்னா ஓடறது."

"ஓடும். நடக்குமா?"

"கார் நடக்குமான்னு கேக்கற ஒரே ஆள் நீதான்," என்று சொல்லிவிட்டு அவர் துடைக்கிற துணியைத் தேடப் போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் ஊர்வலம் கிளம்பியது. காருக்குச் சாமந்தியும் கொழுந்துமாக மாலை சுற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை சரிகைத் தலைப்பாகையும் கழுத்து நிறைய மாலையுமாகப் பிச்சுமணியின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மாப்பிள்ளையோடு குழந்தைகள் உட்காருவது வழக்கம். மாப்பிள்ளையின் அத்தை ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, வைக்க இடமில்லாமல் திரும்பிப் போனாள். முன்னால் நாயனம், அதற்குப் பின் சீர்த் தட்டுகளோடு பெண்கள், பின்னால் கார், இரண்டு பக்கமும் காஸ் லைட். மகாதேவய்யரும் பெரியவர்களும் கடைசியில் நடந்து வந்தார்கள்.

மணிக்கு அறுபது மைல் ஓடுவதற்காகச் செய்த கார், நாயனக்காரரின் நடைக்குப் பின்னால் ஊர்ந்தது. பிச்சுமணியால் ஒரு காலைக் கிளட்சிலிருந்து எடுக்கவே முடியவில்லை. ரேடியேட்டர் மூடியின் மேல் தண்ணீரின் சூட்டைக் காட்டும் வட்டக் கருவி ஒன்று இருந்தது, அதில் ஒரு முள், ஒரு சிவப்புக் கோடு. கோட்டைக்குள் நுழைந்த முதல் முக்கில் நாயனக்காரர் நின்று கல்யாணி ராகத்தை விரிக்க ஆரம்பித்தார். நல்ல வித்வான். அவர் விரிக்க விரிக்க முள் ஏறியது. கூட்டம் ரசித்துத் தலையை ஆட்டியது. பிச்சுமணி முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது முக்கில் மூடிக்கு அடியிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. முதலில் அதை நாயனத்துக்குச் சுருதி பிடிக்கிற ஒத்து என்று நினைத்துச் சிலர் சுருதி சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஆவி பொங்கி எழுந்து காஸ் லைட்டுக்காரனையே மறைத்தது.

பிச்சுமணி என்ஜினை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கி, பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு குடம் பச்சைத்தண்ணீரை வாங்கிவிட்டார். மூடியில் கை வைக்கப் போனபோது பாகீரதி தட்டைப் பக்கத்தில் வந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"நாப்பத்திரண்டாம் பக்கம்," என்றாள். "பச்சைத்தண்ணி விட்டா உள்ளே இரும்பு வெடிச்சுடும்னு போட்டிருக்கு. செத்தே பொறுங்கோ, வெந்நீர் வாங்கிண்டு வரேன்."

கோட்டை வாசல் பக்கம் இருந்த காபி கிளப்பின் கதவண்டை நின்று, இரண்டு அண்டா வெந்நீர் வேண்டும் என்று கேட்டாள். குளிக்கவா என்று கிளப்புக்காரர் கேட்டதற்கு, ஆமாம், பயணம் பண்ணிக் களைத்து வந்திருக்கிறது என்று பதில் சொன்னாளாம்.

மூடியைத் திறக்கத் தடித்த துணி வேண்டும். பிச்சுமணியின் மேல்துண்டு ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு. அப்போது காரிலிருந்து மாப்பிள்ளை இறங்கினான். தன்னுடைய பட்டு அங்கவஸ்திரத்தை நாலாக மடித்து மூடியின் மேல் போட்டு, தானே மெதுவாகத் திருகினான். ஆவி போனபின் குனிந்து உள்ளே பார்த்தான்.

"பம்பும் இல்லை, விசிறியும் இல்லை," என்றான். "தண்ணி தானாவே சுத்திண்டு வரும், இல்லையா அத்திம்பேர்?"

வந்ததிலிருந்து அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அத்திம்பேர் என்று கூப்பிட்டதும் முறைப்படி தப்பு. பிச்சுமணி மச்சினன்தான் ஆகவேண்டும். அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

வெந்நீர் விட்டாயிற்று. பிச்சுமணி கைப்பிடியைச் சுற்றினார், என்ஜின் கிளம்பியது. முள் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறத் தயாராக நின்றது. நாயனக்காரர் அடுத்த முக்கில் ஒரு தோடிக்கு நாயனத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"கேட்டேளா," என்றாள் பாகீரதி. "இது நடக்கத் தெரியாத வண்டி. ஒரு சுத்து ஓடவிட்டு அழைச்சிண்டு வாங்கோ. ஆறிடும்."

"மாப்பிள்ளையை வெச்சிண்டா?"

மாப்பிள்ளை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் விலகியது. கார் ஒரு உறுமல் உறுமிவிட்டு மேற்குக் கோட்டை வாசல் வழியாகப் பாய்ந்தது. சாமந்திப் பூக்கள் மட்டும் தெருவில் கிடந்தன.

பின்னால் வந்துகொண்டிருந்த மகாதேவய்யர், முன்னால் வந்து பார்த்தபோது, நாயனக்காரர் இருந்தார், காஸ் லைட்டுகள் இருந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. பையன் எங்கே என்று கேட்டார். பாகீரதிதான் பதில் சொன்னாள்.

"வண்டியை ஆத்தப் போயிருக்கா, மாமா. இதோ வந்துடுவா."

இதோ என்பது கால்மணி ஆயிற்று. அரைமணி ஆயிற்று. நாயனக்காரர் தோடியை முடித்து, வேறு ராகம் எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டார். கூட்டத்தில் பேச்சு புறப்பட்டது. மாப்பிள்ளைக்குப் பெண் பிடிக்கவில்லை என்று முதலில் ஒருவர் சொன்னார். கொல்லத்துக்கு ரயில் ஏறப் போய்விட்டான் என்றார் இன்னொருவர். பெண்ணின் அண்ணனே கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறான், என்ன காலம் இது என்றார் மூன்றாமவர். இந்தப் பேச்சு ஆளுக்கு முன்னால் ஓடிக் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தலை பின்னி முடித்து உட்கார்ந்திருந்த ஜெயலக்ஷ்மியிடம் சிவகாமியம்மாள் என்ற தூரத்து அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"எந்த வண்டியிலே போனா?" என்று கேட்டாள் ஜெயலக்ஷ்மி.

அண்ணா வண்டியில் என்றாள் அத்தை.

"அப்போ ரொம்ப தூரம் போகமுடியாது," என்று சொல்லிவிட்டு ஜெயலக்ஷ்மி கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். ஆனால் அந்தப் பொட்டை அவள் அதற்குப் பிறகு நாலு தடவை சரிசெய்தாள் என்று அத்தை பிற்பாடு சொன்னாள்.

அங்கே சுவாமி கடலில் தீர்த்தமாட ஆராட்டு போகிற பாதையில், இரண்டு பக்கமும் தென்னையும் வேலிகளுமாகப் பின்னால் ஓட, கார் பிறந்த நாளிலிருந்து எதற்காகக் காத்திருந்ததோ அதைச் செய்துகொண்டிருந்தது. வள்ளக்கடவு தாண்டும்போது ஐம்பது மைல். முள் இறங்கிவிட்டது. தலைப்பாகை எங்கேயோ பறந்துவிட்டது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லவேண்டாத ஒரு இடத்தில் இருப்பவன் போல வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். சங்குமுகத்தில் காரைத் திருப்பினபோது, தன் காலேஜில் ஒரு புரொபஸர் கார் வைத்திருப்பதாகவும், அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டு வருஷமாக அதை ஓட்டிவருவதாகவும் சொன்னான். பிறகு ரொம்ப நேரம் சக்கரத்தையே பார்த்தான். கேட்கவில்லை.

பிச்சுமணி காரை நிறுத்தி அலைகளைப் பார்த்தார். எட்டு மாசம் மல்லாந்து படுத்துக் கண்ணில் எண்ணெய் சொட்டவிட்டது இதைத் தனியாக வைத்துக்கொள்ளவா என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அல்லது நாளைக்குத் தங்கையைக் கொடுக்கப் போகிறவனுக்கு ஒரு சக்கரத்தைக் கொடுக்கத் தயங்குகிறோமே என்று வெட்கம் வந்திருக்கலாம். கதவைத் திறந்து இறங்கி மறுபக்கம் வந்தார். மாப்பிள்ளை ஓட்டுகிற பக்கம் நகர்ந்தபோது கழுத்து மாலை சக்கரத்தில் சிக்கியது. மாப்பிள்ளை அதைக் கழற்றி, வைக்க வேறு இடம் இல்லாததால் அவர் கழுத்தில் போட்டான்.

ஆகவே கோட்டைக்குள் காத்திருந்த கூட்டம் கண்டது இதுதான்: மாப்பிள்ளை தலை கலைந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கச்சிதமாகக் காரை ஓட்டி வருகிறான். பக்கத்தில் கழுத்து நிறைய மாலையோடு பிச்சுமணி அய்யர் நாணத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

நாயனக்காரர் ஊதத் தொடங்கிவிட்டு, யாருக்கு ஊதுகிறோம் என்று சந்தேகம் வந்து நிறுத்தினார். பாகீரதி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள்.

மகாதேவய்யர் காரருகே வந்தார். மகனின் கைகள் சக்கரத்தில் இருந்தன. அவன் எடுக்க நினைத்தான், எடுக்கவில்லை. மாஜிஸ்திரேட் அந்தக் கைகளைப் பார்த்தார், பிச்சுமணியின் கழுத்தைப் பார்த்தார், காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார்.

"ஜானவாசம்கிறது மாப்பிள்ளை யாருன்னு ஊருக்குக் காட்டறதுக்கு," என்றார். "மாலையை மாத்திக்கோங்கோ. நாயனக்காரரே, ஆலாபனை எல்லாம் நாளைக்கு வெச்சுக்கலாம். சின்னக் கீர்த்தனையா வேகமா ஒண்ணு வாசியும்."

வண்டி மறுபடி சூடாவதற்குள் ஸ்ரீவராகம் வந்து சேர்ந்துவிட்டது. நாயனக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்து, பந்தலில் ஒரு சொம்பு மோரைக் குடித்தார்.

மறுநாள் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. எப்போது கற்றுக்கொண்டாய் என்று மகாதேவய்யர் மகனைக் கேட்டது மாங்கல்யதாரணம் முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் வந்தபோதுதான். இரண்டு வருஷமாச்சு என்றான். அவர் பாயசத்தை முடிக்கும் வரை யோசித்தார். இன்னொரு கரண்டி விடச் சொன்னார்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிக்குக் கிளம்புவதாக இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு பஸ். சாமான்கள் எல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று, மாப்பிள்ளையைத்தான் காணோம். இந்தத் தடவை யாரும் பயப்படவில்லை, நேரே கொல்லைக்குப் போனார்கள். காருக்கு வெளியே மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒன்று நேசையனுடையது, ஒன்று பிச்சுமணியுடையது, மூன்றாவது மயில்கண் கரை போட்ட கல்யாண வேஷ்டி கட்டியது. கிளட்ச் ரொம்பத் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கியர்ப் பெட்டியைக் கழற்றி ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தார்கள். பாகீரதி மணையில் உட்கார்ந்து அறுபத்தேழாம் பக்கம் படித்துக்கொண்டிருந்தாள். ஜெயலக்ஷ்மி புதுப் புடவையோடு குனிந்து, கணவன் கை நீட்டும்போதெல்லாம் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். மூன்றில் இரண்டு தடவை தப்பான ஸ்பேனர். அவன் வேண்டுமென்றேதான் திருப்பிக் கொடுத்துக் கேட்கிறான் என்று பாகீரதிக்குப் பட்டது. நாத்தனாரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

மகாதேவய்யர் வந்து நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லத்தான் வந்தார். சாக்கின் மேல் இருந்த பல்சக்கரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது எதுக்கு?" என்று கேட்டார்.

காருக்கு அடியிலிருந்து மூன்று பேரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள், மூன்றும் வேறு வேறாக இருந்தன. அவர் விசாரிக்க உட்கார்ந்துவிட்டார். அன்றைய பஸ் அவர்கள் இல்லாமலேயே திருநெல்வேலிக்குப் போயிற்று.